இரண்டாம் இருக்கை
(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இருபத்தைந்து ஆண்டுகள் என்பது ஒரு மனிதன் படித்து, பட்டம் பெற்று, தன் காலில் நிற்கும் காலமாகும். நம் சங்கமும் அந்த வயதை எய்தியிருக்கிறது. நாளொன்றுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர்கள் தம் கூலியில் ஒரு பங்கை எடுத்து வைத்து இச்சங்கத்தை வளர்த்தார்கள். அவர்கள் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள். தம் பிள்ளைகள் பிறருடைய கையெழுத்தைச் சரிபார்க்கும் இடத்திற்கு வரவேண்டும் என்று விரும்பியவர்கள். அவர்களை முதற்கண் வணங்கி நம் உரையைத் தொடங்குகின்றோம்.

நமக்குத் தரப்பட்ட பொருள் இளைஞர்களும் தொழில்வாய்ப்பும் என்பதாகும். வழக்கமாக இத்தலைப்பில் பேசுவோர் மருத்துவம், பொறியியல், ஆட்சிப்பணி என்று வரிசைப்படுத்துவர். அவையெல்லாம் நீங்கள் கேட்டுக் கேட்டு அறிந்தவை. ஆதலின் நாம் இன்று நீங்கள் எண்ணிப் பார்த்திராத ஒரு தொழிலை எடுத்துக்கொண்டோம். அது கூடைப்பந்தாட்டத்தைத் தொழிலாகக் கொண்ட குழுவில் துணைப் பயிற்சியாளராகப் பணியாற்றுவது. கல்விச் சங்கத்தின் விழாவில் பந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். சற்றே பொறுத்தருள வேண்டுகின்றோம். நாம் பேசப்போவது பந்தைப் பற்றி மட்டும் அன்று. ஓடுவதற்கு ஒருவனை அனுமதிப்பவர்கள், கற்பிப்பதற்கும் அவனை அனுமதிக்கின்றார்களா என்பதைப் பற்றியது.

ஆட்டமும் அதன் கணக்கும்

கூடைப்பந்தாட்டம் ஓர் ஆசிரியர் உண்டாக்கிய ஆட்டமாகும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், 1891-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பனியினால் வெளியில் விளையாட முடியாத மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்கல்வி ஆசிரியர் இதை வகுத்தார். பழம் வைக்கும் கூடைகள் இரண்டை மேல்மாடத்தின் கைப்பிடியில் மாட்டி, பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டினார். இன்று உலகெங்கும் ஆடப்படும் ஆட்டம் அதுவே.

இதைத் தொழிலாக ஆடும் அமைப்புகளுள் பெரியது என்.பி.ஏ. எனப்படும் தேசியக் கூடைப்பந்துச் சங்கம். அங்கே ஆட்டம் 48 நிமிடங்கள். பந்தைக் கையில் பெற்ற குழு 24 விநாடிகளுக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். இந்த 24 என்னும் எண் எங்கிருந்து வந்தது? 1954-ஆம் ஆண்டில் சிரக்கியூஸ் நகரக் குழுவின் உரிமையாளர் டானி பயசோன் என்பவர் இதை வற்புறுத்திக் கொண்டுவந்தார். 48 நிமிடங்கள் என்றால் 2,880 விநாடிகள். நல்ல ஆட்டமொன்றில் இரு குழுக்களும் சேர்ந்து ஏறத்தாழ 120 முறை கூடைக்கு எறிகின்றன. 2,880-ஐ 120-ஆல் வகுத்தால் 24. ஐந்தாம் வகுப்பு மாணவன் போடக்கூடிய இந்த வகுத்தல் கணக்கு ஓர் ஆட்டத்தின் போக்கையே மாற்றியது. உடல் வலிமையினால் மட்டும் நடப்பது போலத் தோன்றும் ஒன்றுக்கும் பின்னால் கணக்கு உண்டு, சிந்தனை உண்டு என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்க. சிரக்கியூஸ் குழுவின் பெயரையும் நினைவில் வைத்திருங்கள். அது மீண்டும் வரும்.

துணைப் பயிற்சியாளரின் வேலை

ஆட்டம் நடக்கும்போது களத்தின் ஓரத்தில் ஆட்டக்காரர்கள் அமரும் இருக்கை வரிசை ஒன்று இருக்கும். முதல் இருக்கை தலைமைப் பயிற்சியாளருடையது. அதற்கு அடுத்த இருக்கையில் அமர்பவரே துணைப் பயிற்சியாளர். வெற்றி பெற்றால் செய்தித்தாளில் தலைமைப் பயிற்சியாளரின் படம் வரும். துணைவரின் பெயரைக் கடைசிப் பத்தியில் தேட வேண்டும்.

ஆனால் அவர் செய்யும் வேலை சிறிதன்று. அடுத்து மோதவிருக்கும் குழுவின் பழைய ஆட்டங்களை அவர் பார்த்தறிய வேண்டும். ஒளிப்படக் கருவிகள் பெருகாத காலத்தில், அந்தக் குழு ஆடும் ஊருக்கே தனியாகப் பயணம் செய்து, கூட்டத்தில் ஒருவராக அமர்ந்து குறிப்பெழுதி வந்தனர். இன்று அதே வேலை திரையின் முன் நள்ளிரவு வரை நடைபெறுகிறது. எதிரணியில் எவர் இடக்கையால் எறிகிறார், எவர் களைத்துப்போனால் பந்தைப் பிறருக்குத் தள்ளிவிடுகிறார், நெருக்கடியில் அவர்கள் எந்த உத்தியை நாடுகிறார்கள் என்பவற்றையெல்லாம் நம் பள்ளி ஆசிரியர் பாடக்குறிப்பு எழுதுவது போல எழுதி, மறுநாள் காலையில் ஆட்டக்காரர்களுக்கு விளக்க வேண்டும்.

பொதுப் பயிற்சி முடிந்த பிறகு, பின்தங்கிய ஓர் ஆட்டக்காரரைத் தனியே நிறுத்தி, அதே எறிதலை நூறு முறை செய்யச் சொல்லித் திருத்த வேண்டும். ஆட்டத்தின்போதோ, ஒருவர் ஆறு தவறுகள் செய்தால் வெளியேற நேரும் ஆதலால் எவருக்கு எத்தனை தவறு என்பதையும், எத்தனை இடைநிறுத்தங்கள் மிஞ்சியுள்ளன என்பதையும் மனத்திலே எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். தலைவர் கேட்டால் நான்கு சொற்களில் விடை சொல்ல வேண்டும். அவர் அதை ஏற்காவிட்டால் முகம் சுளியாமல் அடுத்த கணக்கிற்குப் போக வேண்டும். ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள். அவற்றில் பாதி வெளியூர்களில் நடப்பவை.

இந்த வேலைக்கு வேண்டியவை கூர்ந்த பார்வை, குறிப்பேடு, பொறுமை, பிறருக்கு விளங்கச் சொல்லும் ஆற்றல் ஆகிய நான்கும். சுருங்கச் சொன்னால் இது ஆசிரியத் தொழில். இதனாலேயே இதன் கதவு கறுப்பின மக்களுக்கு நெடுங்காலம் அடைத்துக் கிடந்தது.

மாணவனாக ஏற்று ஆட்டக்காரனாக ஏற்காத கல்லூரி

ஜான் மக்லெண்டன் என்னும் கறுப்பின இளைஞர் 1933-இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி பயிலச் சேர்ந்தார். ஆட்டத்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித்தே அங்கு ஆசிரியர். அவரிடமே மக்லெண்டன் பாடம் கேட்டார். எனினும் அப்பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துக் குழுவில் கறுப்பினத்தவர்க்கு இடமில்லை. ஆட்டத்தைத் தோற்றுவித்தவரின் மாணவர் அந்த ஆட்டத்தைத் தம் கல்லூரிக்காக ஆட முடியவில்லை. இந்த நிலையை நம் அவையினர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

மக்லெண்டன் மனம் ஒடிந்து ஊர் திரும்பவில்லை. ஆட முடியாவிட்டால் ஆட்டத்தைக் கற்பேன், கற்றதைக் கற்பிப்பேன் என்று முடிவு செய்தார். வட கரோலினாவில் கறுப்பினத்தவர்க்கான கல்லூரியொன்றில் பயிற்சியாளரானார். 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. ஊர் மக்கள் தேவாலயங்களில் இருந்த வேளை. டியூக் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் வெள்ளையர் குழுவொன்று மறைவாக அவருடைய கல்லூரிக்கு வந்தது. இரு நிறத்தாரும் ஒன்றாக ஆடுவதை அன்றைய சமுதாயம் பொறுக்காது. ஆகவே கதவைத் தாழிட்டு, பார்வையாளர் எவருமின்றி ஆடினார்கள். மக்லெண்டனின் மாணவர்கள் 88 புள்ளிகளும் மற்றவர்கள் 44 புள்ளிகளும் எடுத்தனர். அதன்பின் இரு குழுவினரும் தம்முள் கலந்து பிரிந்து இன்னுமோர் ஆட்டம் ஆடினார்கள் என்பது வெற்றியினும் இனிய செய்தி.

பின்னர் டென்னசி மாநிலக் கல்லூரிக் குழுவுக்குப் பயிற்சியாளராகி 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து தேசியக் கோப்பையை வென்றார். 1961-இல் கிளீவ்லாந்து நகரத் தொழில்முறைக் குழுவின் தலைமைப் பயிற்சியாளரானார். இத்தகையவரை ஆட்டத்தின் புகழ் மன்றம் 1979-இல் ஏற்றுக்கொண்டது. எப்பெயரால் தெரியுமா? ‘பங்களிப்பாளர்’ என்னும் பெயரால். ‘பயிற்சியாளர்’ என்னும் பெயரால் அவரை ஏற்க அம்மன்றத்திற்கு 2016 வரை ஆயிற்று. அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே, 1999-இல், அவர் மறைந்துவிட்டார்.

பங்கு தந்தார் என்று சொல்ல மனம் வருகிறது. கற்பித்தார் என்று சொல்லத்தான் மனம் வரவில்லை. இதுவே நாம் இன்று பேச வந்த செய்தி.

ஏர்ல் லாயிட்

இனி நம் உரையின் நாயகருக்கு வருவோம். ஏர்ல் லாயிட் 1928 ஏப்ரல் 3-இல் வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்டிரியா நகரில் பிறந்தார். கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட பள்ளியில் படித்தார். மேற்கு வர்ஜீனியாவில் கறுப்பினத்தவர்க்காக அமைந்த அரசுக் கல்லூரியில் பட்டப்படிப்புப் படித்தார். நெடிதுயர்ந்த உருவம். கல்லூரித் தோழர்கள் அவரை ‘நிலவைச் சரிசெய்பவர்’ என்று வேடிக்கையாக அழைத்தனராம்.

1950-இல் என்.பி.ஏ. முதன்முறையாகக் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டுப் பருவத்தின் தொடக்கத்தில் மூவர் உள்ளே வந்தனர். சக் கூப்பர், நேட் கிளிஃப்டன், ஏர்ல் லாயிட் என்பார் அவர்கள். ஆட்ட அட்டவணையின்படி லாயிட்டின் குழுவுக்கு முதல் ஆட்டம் சற்று முன்னதாக அமைந்தது. ஆகவே 1950 அக்டோபர் 31 அன்று ராச்செஸ்டர் நகரில் வாஷிங்டன் குழுவுக்காகக் களமிறங்கிய அவரே என்.பி.ஏ. ஆட்டத்தில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் ஆனார். அன்று அவர் எடுத்தவை 6 புள்ளிகள்.

களம் திறந்தது. உணவுக்கூடம் திறக்கவில்லை. ஃபோர்ட் வெயின் என்னும் ஊரில் தங்கும் விடுதியினர் அவருக்கு அறை கொடுத்தனர். ஆனால் விடுதியின் உணவுக்கூடத்தில் அமர்ந்து உண்ணக்கூடாது என்றனர். படுக்கை உண்டு, பந்தி இல்லை. அப்போது அவருடைய பயிற்சியாளராக இருந்த மக்கின்னி என்னும் வெள்ளையர், தம் உணவை எடுத்துக்கொண்டு லாயிட்டின் அறைக்கே வந்து உடனமர்ந்து உண்டார். உடனுண்ணுதல் எத்தனை பெரிய செயல் என்பதை இந்த அவையில் உள்ளவர்கள் எந்த நூலைப் படித்தும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1913 முதல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1946-இல் அவர் கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி இரு மக்களின் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டினார். அந்த ஒப்புமையை விடுதியின் ஒரு வேளைச் சோறே நமக்குக் காட்டிவிடுகின்றது.

ஏழு ஆட்டங்களே ஆடியிருந்த நிலையில் லாயிட் படைப்பணிக்கு அழைக்கப்பட்டார். அவர் இருந்த குழுவும் கலைந்தது. திரும்பி வந்து சிரக்கியூஸ் குழுவில் 1952-இல் சேர்ந்தார். முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன குழு அதுவே. 24 விநாடி விதி வந்த முதற் பருவத்தில், 1955-இல், சிரக்கியூஸ் கோப்பையை வென்றது. லாயிட்டும் உடன் ஆடிய ஜிம் டக்கரும் என்.பி.ஏ. கோப்பை வென்ற முதல் கறுப்பினத்தவர் ஆயினர். லாயிட் நிறையப் புள்ளிகள் குவித்தவர் அல்லர். ஆட்டத்துக்குச் சராசரி 8.4 புள்ளிகளே. எதிரணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரரை மறித்து நிற்பதும், கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடித்து மற்றவர்க்குத் தருவதும் அவருடைய பொறுப்பு. மற்றவர் விளங்கத் தாம் உழைத்தவர். இத்தகையவர்க்கே ஆட்டத்தின் உள்ளமைப்பு நன்கு தெரியும். 1958 முதல் 1960 வரை டெட்ராய்ட் குழுவில் ஆடி ஓய்வு பெற்றார்.

பதினெட்டு ஆண்டுகள்

ஓய்வுக்குப் பிறகு லாயிட் டெட்ராய்ட் குழுவுக்காகப் புதிய ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டறியும் பணியில் ஈடுபட்டார். ஊர் ஊராகச் செல்வது, கல்லூரி ஆட்டங்களைப் பார்ப்பது, குறிப்பெழுதுவது என்று அப்பணி அமைந்தது.

1967 சூலையில் டெட்ராய்ட் நகரம் கலவரத்தால் எரிந்தது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த 1968-ஆம் ஆண்டில்தான் டெட்ராய்ட் குழு ஏர்ல் லாயிட்டைத் துணைப் பயிற்சியாளராக அமர்த்தியது. என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினத் துணைப் பயிற்சியாளர் அவர்.

1950-இல் களத்தில் இறங்கிய இனத்திற்கு, களத்தின் ஓரத்தில் குறிப்பேட்டுடன் அமரும் இருக்கை 1968-இல் கிடைத்தது. இடையில் பதினெட்டு ஆண்டுகள். அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் கறுப்பின ஆட்டக்காரர்கள் ஆட்டத்தின் முடிசூடா மன்னர்களாகவே விளங்கினர். பாஸ்டன் குழுவின் பில் ரசல் 1966-இல் தலைமைப் பயிற்சியாளராகவே ஆனார் என்பது உண்மை. ஆயினும் அவர் ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருந்தவர். அவரைப் போன்ற ஆட்டக்காரர் நூற்றாண்டுக்கு ஒருவரே தோன்றுவர். மாமேதைக்கு ஒரு கதவு திறப்பது வேறு. நன்றாகக் கற்ற ஒரு சாதாரண மனிதனுக்குக் கதவு திறப்பது வேறு. முன்னது அந்த ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் பெருமை. பின்னதே ஓர் இனம் அடையும் உரிமை. லாயிட்டின் இரண்டாம் இருக்கையை நாம் பெரிதாகக் கொள்வது இதனாற்றான்.

1971-இல் அவரே டெட்ராய்ட் குழுவின் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். ஆட்டக்காரராக இல்லாமல் பயிற்சியாளராக மட்டுமே அப்பதவிக்கு நியமனம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். பருவத்தின் நடுவே, நிலைகுலைந்திருந்த குழு அவர் கைக்கு வந்தது. 20 ஆட்டங்களில் வெற்றி, 50 ஆட்டங்களில் தோல்வி. அடுத்த பருவத்தில் ஏழு ஆட்டங்கள் முடிந்ததும் பதவி பறிக்கப்பட்டது.

இதைத் தோல்வி என்று எழுதி முடிப்பவர் அடுத்த வரியைப் படியாதவர். லாயிட்டின் இடத்துக்கு வந்தவர் அவருடைய துணைப் பயிற்சியாளராக இருந்த ரே ஸ்காட். அவரும் கறுப்பினத்தவரே. 1973-74 பருவத்தில் அதே குழு 52 ஆட்டங்களில் வென்றது. ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்னும் சிறப்பு ரே ஸ்காட்டுக்குக் கிடைத்தது. லாயிட் அமர்ந்து எழுந்த இருக்கை வெறுமையாகப் போகவில்லை. பின்னர் லாயிட் டெட்ராய்ட் நகரப் பள்ளித் துறையில் சேர்ந்து, ஏழைப் பிள்ளைகளுக்கு வேலைக்கு வேண்டிய திறன்களைக் கற்பித்து வேலை தேடித் தரும் பணியைச் செய்தார். 2003-இல் புகழ் மன்றம் அவரை ஏற்றது. 2015 பிப்ரவரி 26-இல் மறைந்தார்.

1975-ஆம் ஆண்டு இறுதியாட்டம்

இரண்டாம் இருக்கையின் அருமையை விளக்கும் நிகழ்ச்சி ஒன்று 1975-இல் நடந்தது. அவ்வாண்டின் இறுதிப் போட்டியில் மோதிய இரு குழுக்களுக்கும் தலைமைப் பயிற்சியாளர்கள் கறுப்பினத்தவர். ஒருவர் கோல்டன் ஸ்டேட் குழுவின் ஆல் ஆட்டில்ஸ். மற்றவர் வாஷிங்டன் குழுவின் கே. சி. ஜோன்ஸ். நான்காம் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே தம் ஆட்டக்காரர் முரட்டுத்தனமாகத் தாக்கப்பட்டதைக் கண்டு பொறாத ஆட்டில்ஸ் களத்துக்குள் பாய்ந்தார். நடுவர் அவரை வெளியேற்றினார். அதற்குமேல் ஆட்டத்தை நடத்தியவர் துணைப் பயிற்சியாளர் ஜோ ராபர்ட்ஸ். 96-க்கு 95 என்று ஒரே ஒரு புள்ளியில் ஆட்டமும் கோப்பையும் அவர்கள் கைக்கு வந்தன. அன்று காலையில் ராபர்ட்ஸ் எழுந்தபோது, கோப்பையை முடிவு செய்யும் ஆட்டத்தைத் தாம் நடத்தப்போவதை அறியார். ஆனால் அதற்குரிய பாடத்தை முன்னரே படித்து வைத்திருந்தார்.

தோற்ற குழுவின் இரண்டாம் இருக்கையில் இருந்தவர் பெர்னி பிக்கர்ஸ்டாஃப். கென்டக்கி மாநிலத்து நிலக்கரிச் சுரங்க ஊரொன்றில் பிறந்தவர். 1973-இல் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்து, பன்னிரண்டு ஆண்டுகள் அதே இருக்கையில் இருந்து, 1985-இல் சியாட்டில் குழுவின் தலைமைப் பயிற்சியாளரானார். அவர் மகன் ஜே. பி. பிக்கர்ஸ்டாஃப் 2024-இல் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற குழு எது தெரியுமா? லாயிட்டின் டெட்ராய்ட் குழுவே.

கே. சி. ஜோன்ஸின் வரலாறு இன்னொரு பாடம். இடைநிறுத்தத்தின்போது பிக்கர்ஸ்டாஃப் உத்தியை வரைந்து காட்டியதைத் தொலைக்காட்சியில் கண்டவர்கள், தலைமைப் பயிற்சியாளருக்கு ஒன்றும் தெரியாது போலும் என்று பேசத் தொடங்கினர். துணைவரை நம்பி வேலையைப் பகிர்ந்தளிப்பது வெள்ளையரிடத்தில் பெருந்தன்மை எனப்படும். கறுப்பினத்தவரிடத்தில் அதுவே அறியாமை எனப்பட்டது. 1976-இல் ஜோன்ஸ் பதவி இழந்தார். அவர் நாணவில்லை. மீண்டும் துணைப் பயிற்சியாளராக இரண்டாம் இருக்கையில் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 1983-இல் பாஸ்டன் குழுவின் தலைமை அவரைத் தேடி வந்தது. 1984-இலும் 1986-இலும் கோப்பையை வென்றார்.

வேறு சிலர்

இரண்டாம் இருக்கை எப்போதும் முதல் இருக்கைக்குப் படிக்கட்டு என்று எண்ணுதலும் பிழை. டெக்ஸ் விண்டர் என்னும் வெள்ளையர், முக்கோண உத்தி என்னும் ஆட்டமுறையை 1962-இல் நூலாகவே எழுதியவர். தலைமைப் பயிற்சியாளராக ஹூஸ்டன் குழுவில் அவர் பெரிதாக வெல்லவில்லை. 1985-இல், அறுபது வயதைக் கடந்த நிலையில், சிகாகோ குழுவில் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். சிகாகோவிலும் பின்னர் லாஸ் ஏஞ்சல்சிலும் அவர் துணைவராயிருந்த குழுக்கள் ஒன்பது கோப்பைகளை வென்றன. மைக்கேல் ஜோர்டானைப் போன்ற பேராட்டக்காரரையும் அஞ்சாமல் திருத்தியவர் அவர். தம் அறிவு எந்த இருக்கையில் பயன்படுமோ அந்த இருக்கையே அவருக்கு உயர்ந்தது.

தாய்மார்களும் மாணவியரும் இதைக் கேட்க வேண்டும். பெண்ணுக்கு இக்கதவு இன்னும் காலந்தாழ்த்தே திறந்தது. 2014-இல் பெக்கி ஹாமன் என்பார் சான் அன்டோனியோ குழுவில் முழுநேர ஊதியம் பெறும் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். ஆண்கள் ஆடும் என்.பி.ஏ.வில் அவ்வாறு சேர்ந்த முதல் பெண் அவரே. 2020 டிசம்பர் 30 அன்று தலைமைப் பயிற்சியாளர் வெளியேற்றப்பட்டபோது ஆட்டத்தை அவரே நடத்தினார். 2022-இல் லாஸ் வேகஸ் பெண்கள் குழுவுக்குத் தலைமையேற்று அவ்வாண்டிலும், 2023-இலும், 2025-இலும் கோப்பை வென்றார்.

நமக்கு உரிய பாடம்

முப்பது ஆண்டுகளுக்கு அணித்தாக அரசுப் பள்ளிகளில் பணியாற்றி வருகிறோம். ஒரு காட்சியைப் பலமுறை கண்டிருக்கிறோம். விளையாட்டு விழா வந்தால் நம் தெருப் பிள்ளைகளைத் தேடி வருவார்கள். ஓட்டத்தில் அவர்கள் முன்னே நிற்பார்கள். பரிசுக் கோப்பை பள்ளியின் நிலைப்பேழையில் ஏறும். ஆனால் குழுத்தலைவன் யார், விழாவைத் திட்டமிடும் மாணவர் குழுவில் யார் என்று பட்டியல் எழுதும்போது அப்பெயர்கள் மறந்துபோகும். ஓடத் தெரிந்தவனுக்குத் திட்டமிடத் தெரியாது என்று எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பட்டியலே அதைச் சொல்லிவிடுகிறது. நாம் பணியாற்றிய ஊரொன்றில் அவ்வாறு எழுதப்பட்ட பட்டியலைத் திருப்பி அனுப்பி, மீண்டும் எழுதச் சொன்னோம். மீண்டும் எழுதி வந்தது. அந்த ஆண்டு விழா முன்னிலும் செவ்வையாகவே நடந்தது.

ஆகவே இளைஞர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, எத்துறையில் நுழைந்தாலும் குறிப்பேட்டுடன் நுழையுங்கள். உடல் உழைப்புக்கு ஒரு வயது எல்லை உண்டு. லாயிட்டின் கால்கள் 1960-இல் ஓய்ந்தன. ஆட்டத்தைப் பற்றி அவர் அறிந்திருந்தது ஓயவில்லை. விளையாட்டில் வல்ல பிள்ளைகள், ஆடும் நாட்களிலேயே உடற்கல்விப் பட்டத்துக்கோ பயிற்சியாளர் பட்டயத்துக்கோ படிக்கத் தொடங்க வேண்டும். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனம் அத்தகைய பட்டயத்துக்கென்றே 1961-இல் தொடங்கப்பட்டது. ஒதுக்கீட்டில் ஆட்டக்காரராக வேலை பெற்றதோடு நில்லாமல் பயிற்றுவிக்கும் தகுதியையும் பெறுங்கள்.

இரண்டாவது, இரண்டாம் இருக்கையை இழிவாக எண்ணாதீர்கள். உதவி, துணை, இளநிலை என்னும் சொற்கள் பதவிப் பெயரின் முன் வந்தால் நம் பிள்ளைகள் சிலர் மனம் சோர்கின்றனர். துணை இருக்கை என்பது ஊதியம் தந்து கற்பிக்கும் பள்ளி. ஆனால் அங்கேயே ஒருவரை வேண்டுமென்று அமுக்கி வைத்தால் அது பள்ளியன்று, சிறை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து, முன்னதில் பொறுமை காட்டுங்கள். பின்னதில் விதிகளைக் கற்று, எழுத்து மூலம் உரிமை கேளுங்கள்.

மூன்றாவது, அமர்ந்த இருக்கையின் அருகே இன்னொருவரை அமர்த்துங்கள். லாயிட் பதவியிழந்த நாளில் அவருக்குப் பின் வர ஸ்காட் ஆயத்தமாக இருந்தார். தனி ஒருவராய் மேலேறியவர் கீழே விழுந்தால் வழியும் மூடிவிடும். இச்சங்கத்தின் உதவியால் படித்து இன்று அலுவலகங்களில் இருப்பவர்களைக் கேட்கிறோம். உங்கள் வேலையின் நுட்பத்தை, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இம்மன்றத்தில் வந்து நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரக்கூடாதா? பணமாகத் தரும் நன்கொடையினும் அது பெரிது. நம்மால் இயன்ற ஞாயிற்றுக்கிழமைகளைத் தர நாமும் ஆயத்தமாக இருக்கின்றோம்.

சங்கத்தின் முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் நம் பிள்ளைகள் களத்தில் இறங்கினார்கள். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அவர்கள் கற்பிப்பவர்களாகவும், திட்டமிடுபவர்களாகவும், பட்டியல் எழுதுபவர்களாகவும் அமர வேண்டும். பொன்விழாக் காணும்போது இம்மேடையில் நின்று பேசுவோர், இன்று முன்வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் இந்தச் சிறுவர் சிறுமியராக இருத்தல் வேண்டும் என்று வாழ்த்தி அமைகின்றோம்.